முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்திட்டு நாட்டு மருந்துக்கு மாறலாமா?

அம்மாவுக்கு 52 வயசு, முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்), விரல் முட்டியிலயும் மணிக்கட்டுலயும் ரெண்டு பக்கமும் வீக்கம், ஆன்டி சிசிபி (இந்த நோய கண்டுபிடிக்க எடுக்குற ரத்த டெஸ்ட்) பாசிட்டிவ், ரெண்டு மாசமா வாரம் ஒரு தடவ மெத்தோட்ரெக்சேட் போடுறாங்க, வயித்த பொரட்டுது, முடி கொட்டுது, வலி பாதிதான் கொறஞ்சிருக்கு, இதுக்கு நடுவுல சொந்தக்காரர் ஒருத்தர் ஒரு வைத்தியர்கிட்ட பொடி வாங்கி சாப்ட்டு பத்தே நாள்ல ஓடியாடி வேல செய்யுறார், அதனால இங்கிலீஷ் மருந்த நிறுத்திட்டு அங்க போலாமான்னு கேட்டிருக்கீங்க. நான் டாக்டர் இல்ல. மூட்டுவாத ஓபி இருக்குற ஒரு ஆஸ்பத்திரியில ரொம்ப வருஷமா மருந்தாளுநரா இருக்கேன், இந்தக் கேள்விய மருந்து வாங்க வர்றவங்க டாக்டர்கிட்ட கேக்க மாட்டாங்க, எங்க கவுன்ட்டர்ல வந்துதான் மெதுவா கேப்பாங்க, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

நேரடி பதில்: நிறுத்தாதீங்க. கூட சேத்து செய்யுறதுக்கு நெறைய இருக்கு, அதையும் சொல்றேன், ஆனா ரெண்டாவது மாசத்துல இத விட்டுட்டு பொடிக்கு மாறுறது மட்டும் வேணாம்.

ஏன்னா இந்த நோயில ரெண்டு வேல ஒரே நேரத்துல நடக்குது. வலி, வீக்கம், காலைல எந்திரிச்சா ஒரு மணி நேரத்துக்கு மேல கைய மடக்க முடியாம இறுகிக் கெடக்குறது, இதெல்லாம் நமக்கு தெரியுற பக்கம். தெரியாத பக்கம் என்னன்னா மூட்டுக்குள்ள இருக்குற மெல்லிசான சவ்வு தடிச்சு வளந்து பக்கத்துல இருக்குற குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்க ஆரம்பிச்சிடும், எக்ஸ்ரேல அது தெரியுற நேரத்துல அந்த எலும்பு ஏற்கனவே போயாச்சு, போனது திரும்ப வளராது. விரல் கோணிப்போறது இதனாலதான். வலி மாத்திரை போட்டா வலி அடங்கும், உள்ள அரிக்கிறது நிக்காது, கரையான் புடிச்ச நெலைக்கு பெயிண்ட் அடிச்ச மாதிரிதான். அதனால அலோபதியோ சித்தாவோ வேற எதுவோ, யார் எந்த மருந்த நீட்டினாலும் நீங்க கேக்க வேண்டிய ஒரே கேள்வி, இது வலிய கொறைக்குதா இல்ல எலும்பு அரிக்கிறத நிறுத்துதா? அதுலயும் நோய் ஆரம்பிச்ச மொத சில மாசம் ரொம்ப முக்கியம், அந்த நேரத்துல அடக்கிட்டா பின்னாடி பல வருஷத்துக்கு மூட்டு தப்பிக்கும். உங்கம்மா இப்ப அந்த நேரத்துலதான் இருக்காங்க.

மெத்தோட்ரெக்சேட் பத்தி ஒரு பயம் எல்லாருக்கும் இருக்கு, கூகிள்ல தேடினா கேன்சர் மருந்துன்னு வருது. கேன்சருக்கு கொடுக்குற அளவு வேற, சில கேன்சர்ல கிராம் கணக்குல ஏத்துவாங்க. முடக்குவாதத்துக்கு வாரத்துக்கு ஒரே ஒரு நாள், 7.5 மில்லிகிராம்ல இருந்து அதிகபட்சம் 25 மில்லிகிராம் வரைக்கும்தான். இது மெதுவா வேல செய்யுற மருந்து, நல்லா தெரியுறதுக்கே ஆறுலேர்ந்து பன்னெண்டு வாரம் புடிக்கும், அளவ டாக்டர் படிப்படியா ஏத்துவார். ரெண்டு மாசத்துல பாதி வலி கொறஞ்சிருக்குன்னா அது தோல்வி இல்ல, அது வேல செய்ய ஆரம்பிச்சதுக்கு அடையாளம். இங்கதான் ஒரு பெரிய ஏமாற்றம் நடக்குது, யாரும் வேணும்னு செய்யுறது இல்ல, எட்டாவது வாரத்துல வெறுத்துப்போய் இத நிறுத்திட்டு ஒரு கஷாயம் ஆரம்பிப்பாங்க, இத்தன வாரமா உள்ள போன மாத்திரையோட பலன் அப்பதான் முழுசா தெரியும், பேரு கஷாயத்துக்கு போயிடும், கொஞ்ச மாசம் கழிச்சு வீக்கம் திரும்ப வரும்போது "பத்தியம் சரியா இருக்கல"ன்னு பழி நோயாளி மேல விழும். அதுவும் போக இந்த நோய் தானாவே ஏறி எறங்குற நோய், நாம புது வைத்தியம் தேடிப் போறது எப்பவும் ரொம்ப மோசமா இருக்குற நேரத்துல, அதுக்கப்புறம் எத செஞ்சாலும் கொஞ்சம் எறங்கத்தான் செய்யும்.

வயித்துப் பொரட்டலுக்கு வழி இருக்கு. ஃபோலிக் ஆசிட் எழுதியிருக்காங்களான்னு பாருங்க, அது பொரட்டல், வாய்ப்புண்ண கொறைக்கும், முடி கொட்டுறதுக்கும் உதவலாம். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் போட்டு பாக்கலாம், அதே நாள்ல ரெண்டா பிரிச்சும் போடலாம், அதுக்கும் அடங்கலன்னா தோலுக்கு அடியில போடுற ஊசியா மாத்தலாம், இத டாக்டர்கிட்ட வாய் விட்டு கேக்கணும், நெறைய பேர் கேக்காமலே நிறுத்திடுறாங்க. ஒரு எச்சரிக்கை, வாரம் ஒரு நாள் போட வேண்டியத தினமும் போட்டு ரத்த அணு எல்லாம் எறங்கி உயிருக்கே ஆபத்தாகி வர்றவங்க உண்டு, அதனால எந்த கெழமன்னு அட்டையிலயே பேனாவால தமிழ்ல பெருசா எழுதி வைங்க. இன்னொண்ணு, யூரின் இன்ஃபெக்ஷன், இருமல்னு வேற டாக்டர்கிட்ட போனா மெத்தோட்ரெக்சேட் போடுறத கண்டிப்பா சொல்லுங்க, கோ-ட்ரைமாக்சசோல்னு ஒரு ஆன்டிபயாடிக், செப்ட்ரான்னு சொல்வாங்களே அதுதான், இதோட சேந்தா எலும்பு மஜ்ஜைய ரொம்ப மோசமா அடிக்கும். மத்தபடி சொன்ன நேரத்துல கல்லீரல் டெஸ்ட், கிட்னி டெஸ்ட், ரத்த அணு டெஸ்ட் எடுத்தா போதும்.

இப்ப அந்த பத்து நாள் பொடிக்கு வர்றேன், இதுதான் எனக்கு ரொம்ப கவலையா இருக்குற விஷயம். 1948ல அமெரிக்காவுல மேயோ கிளினிக்ல பிலிப் ஹென்ச்னு ஒரு டாக்டர், முடக்குவாதத்துல எந்திரிக்கவே முடியாம கெடந்த ஒரு பொண்ணுக்கு கார்டிசோன் ஊசி போட்டார், ஒரு வாரத்துக்குள்ள அந்தம்மா எந்திரிச்சு நடந்தாங்க. 1950ல நோபல் பரிசே கொடுத்தாங்க. அதுக்கப்புறம்தான் நீண்ட நாள் கொடுத்தா என்ன ஆகும்னு தெரிஞ்சது, மொகம் வீங்கி, சுகர் ஏறி, எலும்பு பொடிஞ்சு, தோல் காகிதம் மாதிரி ஆகி. அதாவது இந்த நோய்ல சில நாள்லயே ஆள எழுப்பி நடக்க விடுற ஒரு மருந்து உண்டு, அது ஸ்டீராய்டு. லேபிள் இல்லாத பொடியில, உருண்டையில, கேப்ஸ்யூல்ல டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன் மாதிரி ஸ்டீராய்டு கலந்து விக்குறது நம்ம நாட்டுல புதுசே இல்ல, கூட டைக்ளோபினாக்னு வலி மருந்தும் இருக்கும். நல்லா படிச்ச சித்த மருத்துவர கேட்டாலே சொல்வார், எங்க மருந்துக்கு மாசக்கணக்குல ஆகும்னு. பத்து நாள்ல ஒருத்தர் ஓடுறார்னா எனக்கு சந்தேகம் அங்கதான் போகுது.

உங்க சொந்தக்காரருக்கு மொகம் உருண்டையா ஆகியிருக்கா, பசி அதிகமா இருக்கா, சுகர் பிபி ஏறியிருக்கா, லேசா தட்டினாலே தோல் கன்னிப்போகுதா, பாருங்க. இருந்தா பொடிய திடீர்னு நிறுத்த சொல்லிடாதீங்க, அது அத விட ஆபத்து. வெளியில இருந்து ஸ்டீராய்டு வந்துகிட்டே இருந்தா நம்ம அட்ரினல் சுரப்பி தூங்கிடும், சட்டுன்னு நிறுத்தினா பிபி எறங்கி மயங்கி விழுந்துடுவாங்க. ஒரு பொது மருத்துவர்கிட்ட பொடியோட போய், காலைல எடுக்குற கார்டிசால் ரத்த டெஸ்ட் பாத்து, அவர் சொல்ற மாதிரி படிப்படியா எறக்கணும். ஒரு நியாயத்துக்காக இதையும் சொல்லணும், மூட்டுவாத டாக்டரும் ஆரம்பத்துல கொஞ்ச நாளைக்கு கம்மி அளவுல ஸ்டீராய்டு கொடுப்பார், மெத்தோட்ரெக்சேட் வேல செய்ய ஆரம்பிக்குற வரைக்கும் தாங்குறதுக்கு. அங்க அளவு தெரியும், எப்ப நிறுத்துறதுன்னு தெரியும். பொடியில எவ்ளோ இருக்குன்னு கலந்தவனுக்கே தெரியாது.

அடுத்து உலோகம். சித்தாவுல பற்பம், செந்தூரம், மெழுகு வகைகள்ல பாதரசம், கந்தகம், தாளகம் (ஆர்சனிக் உள்ள தாது) எல்லாம் சேத்து செய்யுற மருந்து உண்டு, மூட்டு நோய்க்கு கொடுக்குற ரசகந்தி மெழுகுலயே பாதரசம் உண்டு. முறைப்படி சுத்தி செஞ்சா நஞ்சு போயிடும்ங்குறது அந்த துறையோட நம்பிக்கை. கடையில வர்ற சரக்கு எப்படி இருக்குன்னு பாத்தா, 2008ல அமெரிக்காவுல இன்டர்நெட்ல வாங்கின 193 ஆயுர்வேத மருந்த டெஸ்ட் பண்ணதுல அஞ்சுல ஒண்ணுல ஈயம், பாதரசம், ஆர்சனிக்ல ஏதாவது ஒண்ணாவது இருந்துச்சு, உலோகம் சேக்குற ரச மருந்துகள்ல அது ரொம்ப அதிகம். கிட்னிக்கு நல்லதில்ல, மெத்தோட்ரெக்சேட் வெளிய போறதே கிட்னி வழியாத்தான், கிட்னி பலவீனமானா அதோட விஷத்தன்மை கூடும். அதனால பற்பம் செந்தூரம் மெழுகு வகை எதுவும் அம்மாவுக்கு வேணாம்னு தெளிவா சொல்லிடுங்க.

எதிர்ப்பு சக்திய கூட்டுறோம்னு சொல்லி விக்குற எல்லாத்தையும் விட்டு தள்ளி இருங்க. அம்மாவுக்கு எதிர்ப்பு சக்தி கொறஞ்சதால இந்த நோய் வரல, அது வழி தவறி சொந்த மூட்டையே தாக்குறதாலதான் வந்திருக்கு, அத கூட்டுறேன்னு ஒருத்தர் சொன்னா அவருக்கு நோயே புரியலன்னு அர்த்தம். கொரோனா காலத்துல சீந்தில் கொடி கஷாயம் வீட்டுக்கு வீடு குடிச்சாங்க இல்ல, கிலோய்னு டிவில விளம்பரம் வந்துச்சே அதேதான். 2020 கடைசியில மும்பை கல்லீரல் டாக்டர்கள் சீந்தில் குடிச்சு மஞ்சக்காமாலையோட வந்த 6 பேர பாத்து, 2021ல அத பத்தி எழுதினாங்க, அடுத்து நாடு முழுக்க பல ஆஸ்பத்திரி சேந்து 43 பேர் கணக்க வெளியிட்டாங்க. கல்லீரல சொந்த எதிர்ப்பு சக்தியே தாக்குற மாதிரியான பாதிப்பு அது, ஏற்கனவே தைராய்டு மாதிரி ஆட்டோஇம்யூன் பிரச்சனை (எதிர்ப்பு சக்தி சொந்த உடம்பையே தாக்குற நோய்) இருந்தவங்க அதுல கணிசம். மெத்தோட்ரெக்சேட்டும் கல்லீரல்ல கண்ணு வெக்க வேண்டிய மருந்து, ரெண்டையும் சேத்து போடாதீங்க. வாதத்துக்கு கொடுக்குற கஷாயம் பலதுல சீந்தில் உண்டு, லேபிள படிச்சு பாருங்க.

இவ்ளோ சொன்னதால ஆயுர்வேதத்துலயும் சித்தாவுலயும் ஒண்ணுமே இல்லன்னு நான் சொல்றதா எடுத்துக்காதீங்க. நம்ம கோயம்புத்தூர்லயே ஒரு நல்ல ஆராய்ச்சி நடந்துச்சு, 2011ல வெளிவந்தது, முடக்குவாதம் இருக்குற 43 பேர மூணா பிரிச்சு, ஒரு பிரிவுக்கு ஆயுர்வேதம், ஒரு பிரிவுக்கு மெத்தோட்ரெக்சேட், மூணாவதுக்கு ரெண்டும், யாருக்கு எதுன்னு தெரியாதபடி போலி மருந்தும் கொடுத்து 36 வாரம் பாத்தாங்க. மூணு பிரிவும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி தேறினாங்க. கேக்க சந்தோஷமா இருக்கு, ஆனா பிரிவுக்கு 12லேர்ந்து 17 பேர மட்டும் வெச்சு ரெண்டும் சமம்னு சொல்ல முடியாது, அத செஞ்சவங்களே முன்னோட்டம்னுதான் சொன்னாங்க. இத விட பெருசா, பல நூறு பேர வெச்சு, எக்ஸ்ரேயும் பாத்து நடக்கணும்னு எனக்கு ரொம்ப ஆச. சீனாவுல ஒரு மூலிகை அந்த கட்டத்த தாண்டியிருக்கு, டிரிப்டெரிஜியம்னு ஒரு கொடி, 207 பேர வெச்சு செஞ்ச ஆராய்ச்சியில மெத்தோட்ரெக்சேட் அளவுக்கு வேல செஞ்சது. கூடவே மாதவிடாய் நின்னுபோறது, ஆம்பளைங்களுக்கு விந்தணு கொறையுறதுன்னு கடுமையான பக்கவிளைவும் உண்டு. வேல செய்யுற மூலிகைக்கு பக்கவிளைவும் இருக்கத்தான் செய்யும், ஆன்லைன்ல ஆர்டர் எல்லாம் பண்ணிடாதீங்க.

மஞ்சள் பத்தி கேட்டிருந்தீங்க. சமையல்ல போடுறது தாராளமா போடுங்க. ஆனா மஞ்சள் பொடியில குர்குமின் இருக்குறது சுமார் 3 சதவீதம்தான், அதுவும் ரத்தத்துல ஏறுறது ரொம்ப கம்மி, அதனாலதான் ஆராய்ச்சியில எல்லாம் தனியா பிரிச்ச குர்குமின கொடுக்குறாங்க, அதுல வலி வீக்கம் கொறஞ்சதா சின்ன சின்ன ஆராய்ச்சி இருக்கு. எலும்ப காப்பாத்துதான்னு யாரும் காட்டல. மிளகு சத்து சேத்த அதிக அளவு கேப்ஸ்யூல்ல கல்லீரல் பாதிப்பு வந்த கேஸ் வெளிநாட்டுல பதிவாகியிருக்கு, அம்மாவுக்கு அது வேணாம்ங்குறது என் கருத்து. முடக்கத்தான் தோசை, முடக்கத்தான் ரசம், வாதநாராயணன் கீரை இதெல்லாம் சாப்பாடா சாப்பிடட்டும், ஒண்ணும் ஆகாது, பாட்டி கையால செஞ்சு கொடுத்தா மனசுக்கும் நல்லா இருக்கும், மாத்திரைக்கு பதிலா மட்டும் வேணாம்.

சப்ளிமென்ட்ல எனக்கு கொஞ்சம் நம்பிக்க இருக்குறது மீன் எண்ணெய்தான், ஆனா அளவு முக்கியம். வலி கொறைஞ்சதா காட்டின ஆராய்ச்சி எல்லாம் ஒமேகா 3 தினமும் 3 கிராம் கணக்குல கொடுத்தது, நம்ம கடையில கிடைக்குற சாதா 1000 மில்லிகிராம் கேப்ஸ்யூல்ல அது 300 மில்லிகிராம்தான், அப்போ ஒண்ணு ரெண்டு போட்டு ஒண்ணும் தெரியலன்னு சொல்றதுல ஆச்சரியம் இல்ல. ரத்தம் உறையாம இருக்க மருந்து சாப்பிடுறவங்க கேக்காம போடக்கூடாது. அசைவம் சாப்பிடுறவங்கன்னா மத்தி, நெத்திலி, கானாங்கெளுத்திய வாரம் ரெண்டு மூணு நாள் கொழம்பு வெச்சு சாப்பிடுங்க, வெலையும் கம்மி.

சாப்பாட்டுல தக்காளி, கத்திரிக்காய், புளி, பால்னு பெரிய தடை பட்டியலே கொடுப்பாங்க. நார்வேயில 1991ல 53 பேர வெச்சு ஒரு ஆராய்ச்சி நடந்துச்சு, ஒரு வாரம் பத்து நாள் விரதம், அப்புறம் தாவர உணவு, ஒரு வருஷம் வரைக்கும் பலன் இருந்துச்சு. அதனால சாப்பாட்டுக்கு பங்கே இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா நீண்ட விரதம் ஏற்கனவே எடை கொறஞ்சு ரத்தசோகையோட இருக்குற அம்மாக்களுக்கு ஆகாது. காய்கறி, பருப்பு, பயறு, மீன், நல்ல எண்ணெய், சக்கரை கம்மி, இது போதும். ஏதாவது ஒரு பொருள் சாப்ட்டா ஒவ்வொரு தடவையும் வலி கூடுறது தெரிஞ்சா அத மட்டும் விடுங்க. வீட்டுல யாராவது சிகரெட் பிடிச்சா வெளிய போக சொல்லுங்க.

ஹோமியோபதிக்கு இங்கிலாந்துல 83 பேர வெச்சு ஒரு அழகான ஆராய்ச்சி செஞ்சாங்க, மருத்துவர்கிட்ட உக்காந்து பேசுறது தனி, மருந்து தனின்னு பிரிச்சு. பேசினவங்களுக்கு பலன் தெரிஞ்சது, உருண்டை நெசமா போலியாங்குறதால எந்த வித்தியாசமும் இல்ல. இத நான் லேசா எடுத்துக்கல. எங்க ஓபியில ஒரு நோயாளிக்கு மூணு நிமிஷம் கிடைச்சா அதிகம், வைத்தியர் அரை மணி நேரம் உக்காந்து கேக்குறார், ஜனங்க அங்க போறதுக்கு பாதி காரணம் அதுதான், டாக்டர்கள் இத புரிஞ்சுக்கணும். செப்பு காப்பு, காந்த பட்டை ரெண்டையும் யார்க் பல்கலைக்கழகத்துல 70 முடக்குவாத நோயாளிங்களுக்கு மாத்தி மாத்தி போட்டு பாத்துட்டாங்க, 2013ல வந்தது, ஒண்ணும் இல்ல.

இவ்ளோத்துலயும் நான் மனசார சொல்றது கை பயிற்சி. இங்கிலாந்துல 490 பேர வெச்சு செஞ்ச ஆராய்ச்சி 2015ல வந்துச்சு, மருந்தோட சேத்து விரலுக்கும் மணிக்கட்டுக்கும் பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த பயிற்சிய வீட்டுல தினமும் செஞ்சவங்களுக்கு ஒரு வருஷம் கழிச்சும் கை நல்லா வேல செஞ்சது. பக்கவிளைவு இல்ல, செலவு இல்ல, யாரும் விளம்பரம் பண்ணாததால யாருக்கும் தெரியல. அமெரிக்க மூட்டுவாத சங்கத்தோட 2022 வழிகாட்டியும் உடற்பயிற்சியத்தான் ரொம்ப அழுத்தி சொல்லுது. நிதானமான யோகா, நடை, வெந்நீர்ல கைய வெச்சு மெதுவா மடக்கி நீட்டுறது, எல்லாம் நல்லது. தைலம் தடவலாம், ஆனா மூட்டு செவந்து சூடா வீங்கியிருக்குற நாள்ல அழுத்தி தேய்க்க கூடாது. கழுத்துல சொடக்கு எடுக்குறது, திருப்பி விடுறது கூடவே கூடாது, முடக்குவாதம் கழுத்தோட மேல் எலும்பையும் தளர்த்தும், அங்க தண்டுவடம் நசுங்கினா கை கால் போயிடும்.

ஆட்டோஇம்யூன்னு பொதுவா ஒரு டயட், ஒரு பொடின்னு விக்குறாங்களே, அதுல 80க்கும் மேல நோய் இருக்கு, ஒவ்வொண்ணும் வேற. சீலியாக் நோய்க்கு கோதுமை, பார்லி மாதிரி குளூட்டன் உள்ள தானியத்த முழுசா விடுறதே வைத்தியம், மாத்திரை வேணாம். டைப் 1 சுகர் இருக்குற குழந்தைக்கு இன்சுலின நிறுத்தினா சில நாள்ல உயிர் போயிடும். லூபஸ் வலியே இல்லாம கிட்னிய அழிக்கும், நல்லா இருக்கேன்னு மருந்த விட்டவங்க டயாலிசிஸ்ல வந்து நிப்பாங்க. வைட்டமின் டி தினமும் 2000 யூனிட் அஞ்சு வருஷம் போட்டவங்களுக்கு ஆட்டோஇம்யூன் நோய் வர்றதே 22 சதவீதம் கொறஞ்சதா 2022ல அமெரிக்காவுல சுமார் 26,000 பேர வெச்சு காட்டினாங்க, அது வராம தடுக்குறதுக்கு, வந்தத கொணப்படுத்துறதுக்கு இல்ல, ஆனா அம்மாவுக்கு அளவு பாத்து கம்மியா இருந்தா போடலாம்.

பணம் பத்தியும் கேட்டிருந்தீங்க, மாத்திரை சரியா வேல செய்யலன்னா விலை ஒசந்த ஊசிதானான்னு. அவசியம் இல்ல. 2013ல வந்த ஒரு ஆராய்ச்சியில மெத்தோட்ரெக்சேட்டோட சல்ஃபாசலசின், ஹைட்ராக்சிகுளோரோகுயின் சேத்த மூணு மாத்திரை கூட்டணி, விலை ஒசந்த எட்டனர்செப்ட் ஊசிக்கு கொறஞ்சது இல்லன்னு காட்டினாங்க. ஊசிக்கு போறதா இருந்தாலும் அதுக்கு முன்னாடி காசநோய் டெஸ்ட் கட்டாயம், நம்ம ஊர்ல உள்ள தூங்கிட்டிருக்குற டிபி எந்திரிச்சிடும். செலவு முடியலன்னா அரசு மருத்துவக் கல்லூரியில பாருங்க, சென்னையில ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில மூட்டுவாதத்துக்குன்னு தனி நிலையமே இருக்கு, மருந்து இலவசம். சித்தா பாக்கணும்னு அம்மாவுக்கு மனசு இருந்தா தாம்பரம் சானடோரியத்துல இருக்குற தேசிய சித்த மருத்துவ நிறுவனம், இல்ல அரும்பாக்கம் அண்ணா மருத்துவமனை மாதிரி பட்டம் வாங்கினவங்க இருக்குற எடத்துக்கு, இப்ப போடுற மாத்திரை சீட்டோட போங்க, மெத்தோட்ரெக்சேட் தொடருதுன்னு அவங்ககிட்டயும் மறைக்காதீங்க.

அடுத்த தடவ டாக்டர பாக்கும்போது இத கேளுங்க: ஈஎஸ்ஆர், சிஆர்பி (உடம்புல அழற்சி எவ்ளோன்னு காட்டுற ரத்த டெஸ்ட்) ஆரம்பத்துல எவ்ளோ இருந்துச்சு இப்ப எவ்ளோ, அளவ ஏத்தலாமா, ஊசியா மாத்தலாமா, ஹைட்ராக்சிகுளோரோகுயின் சேக்கலாமா, சேத்தா கண் டெஸ்ட் எப்ப எடுக்கணும், கை பயிற்சிக்கு பிசியோதெரபிக்கு எழுதி தர முடியுமா. கை எக்ஸ்ரே ஒண்ணு இப்பவே எடுத்து வைங்க, ஒரு வருஷம் கழிச்சு எடுக்குறதோட ஒப்பிட்டு பாக்க உதவும். ரிப்போர்ட் வந்ததும் பேர மறைச்சிட்டு நம்பர் மட்டும் எழுதுங்க, அதுல எனக்கு தெரிஞ்சத சொல்றேன்.